எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆமாம் சொன்னவர்

வில்பிரட் மச்சாதுவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் மனைவி செசிலியைக் கேட்டால் ஒன்று என்பாள்: கிளாடிஸ். கோயிலில் கேட்டால் ஒரு தெருவையே கைகாட்டுவார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று, பேச்சு வராத பிள்ளைக்காகச் சாமியாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அது.

இந்தப் பெருமைக்கு அவரிடம் இரண்டு தகுதிகள் இருந்தன. ஒன்று, கறுப்புக் கோட்டு. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு கப்பல் கம்பெனித் துரை விட்டுச் சென்றது. துரை பருத்தவர், மச்சாது மெலிந்தவர் என்பதால் கோட்டுக்குள் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது சிலசமயம் சந்தேகமாகவே இருக்கும். இரண்டாவது, லத்தீன். சாமியார் கேள்விகளை லத்தீனில் கேட்பார், ஞானத்தகப்பன் லத்தீனில் பதில் சொல்ல வேண்டும். சுறாவைப் பக்கத்தில் பார்த்தும் மூச்சு விடாமல் சங்கு பொறுக்கிய ஆண்கள் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். சாமியாருக்கு உதவியாளான கோயில்பிள்ளை பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகக் காதில் ஊத வேண்டியிருந்தது. மச்சாதுவுக்கு ஊத வேண்டாம். பசாசை விட்டுவிடுகிறாயா? "அப்ரெனுன்சியோ." அவன் கிரியைகளை? "அப்ரெனுன்சியோ." விசுவசிக்கிறாயா? "கிரேதோ." மணி அடித்தாற்போல விழும்.

அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவர் விசாரித்ததில்லை. விசாரிக்கத் தேவையும் இல்லை. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான். திருச்சபை தொடங்கிய நாள் முதலாக, "பசாசைப் பற்றி வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்று யாரும் சொன்னதாகக் கேள்வி இல்லை.

ஆபீசிலும் அவருக்கு இதே வேலைதான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா. மானேஜர் சொல்வதை ஆமோதிப்பது, மானேஜர் மாற்றிச் சொன்னால் மாற்றியதையும் ஆமோதிப்பது. அவர் லீவு போட்ட நாட்களில் ஆபீஸ் நின்றுபோனதில்லை. கொஞ்சம் சீக்கிரமாகவே வேலை முடிந்தது என்றும் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கடற்கரைத் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் கணக்கு மிகவும் நேர்த்தியான கணக்கு. பள்ளிக்கூடத்தையும் சாமியார்களும் கன்னியாஸ்திரீகளும்தான் நடத்துகிறார்கள். அங்கேயும் அங்கி, அங்கேயும் புரியாத பாஷை, அங்கேயும் கேள்வி. கோயிலில் பிள்ளைக்காகப் பதில் சொன்னவர் பள்ளிக்கூடத்திலும் சொல்லட்டுமே. பெற்ற தகப்பன் கோவணத்தோடு கடலில் கிடப்பவன், பெற்ற தாய் கருவாட்டு வாடையோடு நடப்பவள். இவர்கள் போய் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு அல்லவா அவமானம்? தலைமையாசிரியர் "பெற்றோரைக் கூட்டி வா" என்று சொல்லியனுப்பினால், வீட்டில் பெற்றோர் இருவரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே, மச்சாதுவுக்கு ஆள் போகும். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவார். இதற்காக யாரிடமும் அவர் ஒரு காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் ஒருவேளை வேலையைக் கவனமாகச் செய்திருப்பார்.

சங்கு குளிக்கும் சூசையின் மகன் கிளாட்வின் விஷயத்தைச் சொன்னால் போதும். பையனுக்கு இங்கிலீஷ் வரவில்லை, இன்னும் ஒரு வருஷம் அதே வகுப்பில் இருக்கட்டுமா என்று ஆண்கள் பள்ளிக்கூடத்துச் சாமியார் கேட்டார். "வித் பிளஷர், ஃபாதர்" என்றார் மச்சாது. வெளியே வந்து சூசையிடம் சொன்னார்:

"ஏலே சூச, உம் மவன அவியளுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. அனுப்பவே மனசு வரலியாம். இன்னும் ஒரு வருஷம் கூடவே வச்சிக்கிடுதோம்னு கேக்காவ."

சூசை அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் மஸ்கோத் அல்வா வாங்கிக் கொடுத்தான்.

இனி இசபெல்லா. அவள் புருஷன் மரியான், கொழும்புக்குப் போய்வரும் தோணியின் தண்டல். தோணியில் ஏறிவிட்டால் அவன்தான் தலைவன், கரையில் இறங்கிவிட்டால் அவள். அவன் கரையில் இருந்த நாட்கள் குறைவு என்பதால் அவள் ஆட்சிக்குப் பங்கமில்லை. அவன் கடலில் இருக்கும் நாட்களில் அவள் கருவாடு வாங்கி விற்றாள். அவர்கள் மகள் ஆக்னஸ், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. இசபெல்லாவுக்கு ஒரே ஒரு தீர்மானம்: ஆக்னஸ் பாளையங்கோட்டைக்குப் போய்க் காலேஜில் படிக்க வேண்டும்.

கல்வியின்மேல் அவளுக்கு இருந்த பக்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மரியானின் அண்ணன் மகன் காலேஜில் சேர்ந்திருந்தான். அண்ணன் பெண்சாதி பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, "எம் மவன் காலேஜில…" என்று தொடங்குவாள். அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் செய்ய இசபெல்லாவுக்கு ஒரு காலேஜ் தேவைப்பட்டது. பொறாமையைப் பற்றிச் சாமியார்கள் ஆயிரம் சொல்லட்டும், கடற்கரையில் அது படிக்க வைத்த பிள்ளைகளின் தொகை புத்திமதி படிக்க வைத்ததைவிட அதிகம்.

ஆக்னஸ் நான்காம் ஃபாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, போகும் சமயம். யுத்தம் முடியப்போகிற வருஷம், அரிசிக்கும் பருப்புக்கும் ரேஷன். பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வந்தது, வழக்கம்போல மச்சாது போனார். தலைமைக் கன்னியாஸ்திரீ மதர் ஜெர்த்ரூத். எந்தத் தேசத்துக்காரி என்று ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு, கண்டிப்பானவள் என்பதில் ஒரே அபிப்பிராயம். நான்காம் ஃபாரத்திலிருந்து பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரிக்கிறோம், ஒன்றில் கணக்கும் சயன்ஸும், மற்றதில் தையலும் சமையலும் வீட்டு நிர்வாகமும், ஆக்னஸ் அடக்கமான பெண், அவளை இரண்டாவதில் போடலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டாள்.

"யெஸ், மதர்."

"யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"

"யெஸ், மதர்."

வெளியே காத்திருந்த இசபெல்லாவிடம் வந்து, "ஸ்பெசல் கிளாஸ்ல போட்டிருக்காவ. எல்லாப் பிள்ளையளுக்கும் கெடைக்காது" என்றார். அது பொய்யில்லை. அதுதான் மச்சாதுவிடம் உள்ள தொல்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் ஊர் அவரை எப்போதோ பிடித்திருக்கும்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து ஒரு நாள் ஆக்னஸ் காலையில் அடுக்களையில் வந்து நின்றாள்.

"எம்மா, அரைக்கால்படி பருப்பு வேணும்."

"எதுக்குளா?"

"பள்ளிக்கூடத்துக்கு. இன்னைக்குச் சாம்பார் வைக்கப் படிச்சிக் குடுக்காவ."

இசபெல்லா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். ரேஷன் பருப்பைக் கேட்டதற்காக அல்ல. "சாம்பாரா? அப்ப கணக்கு?"

"கணக்கு எங்களுக்குக் கெடையாதும்மா. அது அந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்கு. அவியதான் காலேஜுக்குப் போவாவளாம். நாங்க தையல்."

"இத ஏம்ளா இம்புட்டு நாளும் சொல்லல?"

"வீட்டுல சம்மதம் சொல்லியாச்சுன்னு மதர் சொன்னாவ. நீ தையலு படிக்கத்தான் சொல்லுத போலன்னு இருந்துட்டேன்."

மச்சாது சாயங்காலம் ஆபீசிலிருந்து வருகிற வழியில் இசபெல்லா மறித்தாள். காலடியில் கருவாட்டுக் கூடை, இடுப்பில் கை.

"அண்ணாச்சி, மதர் கேட்டதுக்கு என்ன சொன்னிய?"

"யெஸ்னு சொன்னேன்."

"என்ன கேட்டாவ?"

மச்சாது யோசித்தார். இந்தக் கோணத்திலிருந்து யாரும் அவரை இதுவரை கேட்டதில்லை. "நல்லதாத்தான் கேட்டாவ. அந்த அம்மா கெட்டதா கேப்பாவளா?"

"எம் மவளச் சாம்பாரு வைக்க விட்டிருக்காவ. சாம்பாரு வைக்க அவளுக்கு நாஞ் சொல்லித் தர மாட்டேனா? அதுக்கு மாசாமாசம் சம்பளம் கட்டி, வெள்ளக்காரியா வேணும்? நாளைக்கி வாரிய. வந்து நோன்னு சொல்லுதிய."

"நோவா?" மச்சாது கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினார். "அது முடியாது தாயி. ஒருக்கச் சொன்னது சொன்னதுதான். கோயில்ல பசாச விட்டுட்டேன்னு சொல்லிட்டு, மறுநா போயி, இல்ல சாமி, விடலன்னு சொல்லுவமா?"

"பசாசு போயித் தொலையட்டும். எம் பிள்ள காலேஜுக்குப் போவணும்."

"மெதுவாப் பேசு தாயி, நாலு பேரு பாக்காவ."

"பாக்கட்டும். பாக்கத்தான் பேசுதேன்."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். மச்சாது முன்வாசல் வழியாக உள்ளே சென்று மதர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். இசபெல்லா கூடையோடு வராந்தாவில் நின்றாள். நேரே சந்தைக்குப் போக வேண்டும், அதனால் கூடை. கதவு திறந்திருந்தது. உள்ளே மதர் ஏதோ நீளமாகப் பேசினாள். இசபெல்லாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது இரண்டே சொல்தான், ஆனால் அன்றைக்கு வேண்டியிருந்ததும் அந்த இரண்டுதான். மதர் நிறுத்தினாள். இசபெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"யெஸ், மதர்" என்றது மச்சாதுவின் குரல்.

அவள் கூடையோடு உள்ளே போய்விட்டாள்.

மதர் ஜெர்த்ரூத்துக்குத் தமிழ் தெரியாது என்றுதான் ஊர் நம்பியிருந்தது. அவளுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கோட்டுப் போட்டவர்களிடம் அதில் பேசுவதில்லை, அவ்வளவுதான். மடத்துச் சமையல்காரியிடமும் தோட்டக்காரனிடமும் பேசுவதற்கென்று அதை வைத்திருந்தாள். சமையல்காரியிடமே கற்றுக்கொண்டதால் அந்தத் தமிழ் அச்சு அசல் கடற்கரைத் தமிழாக இருந்தது. கூடையைக் கண்டதும் அது தானாக வெளியே வந்தது.

"ஏளா, யாருளா நீ? கருவாடு இங்கன வேண்டாம். பின்வாசலுக்குக் கொண்டு போ."

மச்சாது கண்ணை மூடிக்கொண்டார். இசபெல்லாவுக்கோ ஒரு நிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவமானத்தினால் அல்ல. இத்தனை வருஷமாக லத்தீன் மாதிரி ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தோமே, இந்தப் பொம்பிளை நம் பக்கத்து வீட்டுக்காரி மாதிரியல்லவா பேசுகிறாள் என்று.

"நா கருவாடு விக்க வரல மதர். நா ஆக்னஸுக்கு ஆத்தா."

"ஆக்னஸுக்குத் தகப்பன் இந்தா இருக்காருல்லா."

"இவரா? இவரு தகப்பன் இல்ல மதர். எம் புருசன் தோணியோட கொழும்புல கெடக்கான்."

மதர் மச்சாதுவைப் பார்த்தாள். "போன வாரம் தெரசாளுக்கு நீருதான வந்தீரு? அதுக்கு மிந்தி ரோசலினுக்கும் நீருதான்?"

"யெஸ், மதர்."

"பெரிய குடும்பம்னுல்லா நெனச்சேன். பாவம், மனுசன் எப்படிக் காப்பாத்துதாரோன்னு செபத்துல வேற வேண்டிக்கிட்டேன்." அந்தச் செபங்களெல்லாம் வீணாய்ப் போனதில் அவளுக்குக் கோபம் வந்தது. "இதுல உம்ம சொந்தப் பிள்ள எது?"

"கிளாடிஸ், மதர்."

"அவளும் தையல்லதான இருக்கா?"

தம் மகள் எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்று மச்சாதுவுக்குத் தெரியாது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் பழக்கம் கைவிடவில்லை. "யெஸ், மதர்" என்றார்.

"நீரு போலாம்."

அதற்கும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாயும் தலைமையாசிரியையும் முதன்முதலாகப் பேசிக்கொண்ட பேச்சு. ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி நின்றாள். மரியாதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மரியாதை இருந்த நாட்களில் விஷயம் ஒன்றுமே இல்லை.

"காலேஜா? உங்க பிள்ளையளுக்குக் காலேஜு எதுக்குளா? பெரியவளானா கட்டிக் குடுத்துருவிய. பாதி ஃபாரத்துல எத்தன பிள்ளையள நிறுத்தியிருக்கிய!"

"நிறுத்தினவளக் கேளுங்க. எம் பிள்ளய நா நிறுத்தல."

"மொத மார்க்கு வாங்குதா, ஆனா வாயத் தொறக்க மாட்டா. அதான் தையல்ல போட்டேன்."

"வாயி என்ட்ட இருக்கு மதர். அவளுக்குக் கணக்கு போதும்."

மதர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று பிற்பாடு இசபெல்லா சொன்னாள். இசபெல்லா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எப்படியோ, மதர் ஒரு நிபந்தனை போட்டாள். ஆக்னஸ் விட்டுப்போன கணக்குப் பாடங்களைப் படித்துக் கால் பரீட்சை எழுத வேண்டும். தேறினால் கணக்குப் பகுதி, தேறாவிட்டால் தையல், அதற்குமேல் பேச்சில்லை. "மாசா மாசம் வந்து கேளு. இனிமே அந்தக் கோட்ட அனுப்பாத, நீயே வா. பின்வாசலு வழியா வா, வாட முன்னால அடிக்குது."

சுயமரியாதையுள்ள எவரும் அந்த வார்த்தைக்கு அந்தப் பள்ளியின் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். இசபெல்லா மாதந்தோறும் பின்வாசலுக்குப் போனாள். போகும்போது மதர் அடுக்களைப் படியில் நின்று பேசுவாள். எந்தப் பாடம் எடுத்தால் எந்தக் காலேஜில் சேர்ப்பார்கள், எத்தனை மார்க்குக்குக் குறையக் கூடாது, பாளையங்கோட்டைக்கு எப்போது எழுதிப்போட வேண்டும், விடுதியில் கடலோரப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்பதெல்லாம் அங்கேதான் இசபெல்லா தெரிந்துகொண்டாள். இங்கிலீஷ் தெரிந்த மச்சாது வருஷக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதில் ஒன்றைக்கூடத் தெரிந்துகொண்டதில்லை. பதில் சொல்வதிலேயே மும்முரமாக இருப்பவருக்குக் கேட்க நேரம் ஏது?

மச்சாதுவின் செல்வாக்கு சரிந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். சரியவில்லை. பின்வாசல் வழியாகப் போவதைவிடப் பிள்ளை தையலே படிக்கட்டும் என்று நினைத்த குடும்பங்கள் கடற்கரையில் ஏராளம். அவர்களுக்குக் கோட்டு தேவைப்பட்டது. மச்சாதுவும், "என் ஸ்தானத்துல இருக்கவன் அடுக்களப் பக்கம் போயி நிக்க முடியுமா?" என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு பேரும் முடியாது என்றார்கள்.

செசிலி மட்டும் ஒரு நாள் இசபெல்லாவின் வீட்டுக்கு வந்து நிலைப்படியில் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் குரலை அந்தத் தெரு அதிகம் கேட்டதில்லை. வீட்டில் பேசுவதற்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

"இசபெல்லா, எங் கிளாடிஸுக்காவும் மதர்ட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"நா சொல்ல மாட்டேன்."

"ஏம்ளா? அவிய மேல கோவமா?"

"கோவம் இல்லக்கா. ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் போயித்தான இந்தக் கூத்தெல்லாம். நீயே வா. நாளைக்கி ஆக்னஸு பரீட்ச முடிவு சொல்லுதாவ, நா போறேன், கூட வா."

"என்னத்தச் சொல்லன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போனேன்?"

மறுநாள் இரண்டு பெண்களும் மடத்துப் பின்வாசலில் நின்றார்கள். இசபெல்லா அன்றைக்குக் கூடை கொண்டுவரவில்லை. வாய்ச்சவடால் எல்லாம் வீட்டில் இருந்தது. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் தேறாவிட்டால் அண்ணன் பெண்சாதிக்கு என்ன பதில் சொல்வது என்பதையே வழியெல்லாம் யோசித்து வந்தவளுக்கு, இங்கே வந்து நின்றபின் அந்த அண்ணன் பெண்சாதியின் முகமே ஞாபகத்துக்கு வரவில்லை. அரிக்கேன் விளக்குக்கு முன்னால் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகுதான் வந்தது.

மதர் அடுக்களைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். "வந்துட்டியா" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுக்கும் சமயத்தில் உள்ளேயிருந்து ஒரு இளைய கன்னியாஸ்திரீ ஓடிவந்து காதில் ஏதோ சொன்னாள். மதர் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் செசிலியைப் பார்த்தாள்.

"நீ அந்த மச்சாது பெஞ்சாதிதான? உம் புருசன் முன்னால வந்து உக்காந்திருக்காராம், யாரு பிள்ளைக்கோ. இருங்க, வாரேன். போயி 'யெஸ்' வாங்கிட்டு வந்துருதேன்."

அவள் உள்ளே போனாள். இசபெல்லாவும் செசிலியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், சிரிக்கிற நேரம் அதுவல்ல. அந்தக் காத்திருப்பு கொழும்புப் பயணத்தைவிட நீளமாக இருந்தது என்று இசபெல்லா பின்னாளில் சொல்வாள். அவள் கொழும்புக்குப் போனதே இல்லை.

மதர் திரும்பி வந்தாள்.

"ஆக்னஸு தேறிட்டா. திங்கக்கெழமையிலேர்ந்து அந்தப் பக்கம் போயி உக்காரச் சொல்லு. அல்ஜீப்ரால கொஞ்சம் கம்மி, வாத்திச்சிட்ட சொல்லியிருக்கேன்."

இசபெல்லா தலையை மட்டும் ஆட்டினாள். வாய் தன்னிடம் இருக்கிறது என்று சவால் விட்டவளுக்கு அன்றைக்கு அது வேலை செய்யவில்லை.

மதர் செசிலியின் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னளா?"

செசிலி இசபெல்லாவைப் பார்த்தாள். இசபெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம் மவ கிளாடிஸுக்கு…" என்று ஆரம்பித்த செசிலி நிறுத்தி, வேண்டியதற்கு மேலேயே உரத்த குரலில் சொன்னாள்: "அவ அப்பா யெஸ்னு சொன்னாரே மதர், அதுக்கு நா சம்மதிக்கல."